சீனப் பக்கத்துக்குப் பிள்ளையார் சுழி

அத்தியாயம் 9

"பாய், ஒரு நல்ல சேதி. சீனாக்காரி நம்மளைத் தமிழ்லயே திட்டியிருக்கா."

கண்மணி இதைச் சொன்னபோது அப்துல் கனியின் வாயில் சமோசா இருந்தது. அதை நிதானமாக விழுங்கிவிட்டுத்தான் திரும்பினார். துப்பறிகிறவன் அவசரப்படக் கூடாது என்பது அவர் ஊருக்கெல்லாம் சொல்லும் கொள்கை. போன வாரம் அந்தக் கொள்கையை அவர் எங்கே தொலைத்தார் என்பது இன்னும் சற்று நேரத்தில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு சமோசா இறங்காது.

சான்டா கிளாராவின் எல் கமினோ சாலையில், இந்திய மளிகைக் கடைக்கும் புருவம் திருத்தும் கடைக்கும் நடுவில் நெருக்கியடித்து நிற்கும் ஒற்றை அறைதான் 'கனி இன்வெஸ்டிகேஷன்ஸ்'. ஆட்கள் இரண்டே பேர். கனி கீழக்கரைக்காரர், இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய்க் கழுத்துவலிகளைப் பிடித்துக் கொடுத்துப் பெயர் வாங்கியவர். கண்மணி, டாட்காம் கம்பெனிகள் கவிழ்ந்தபோது வேலை போன சாஃப்ட்வேர் டெஸ்டர். வேலை போனது, வாய் போகவில்லை.

"என்னம்மா உளறுறே?"

"நானா உளறுறேன்? இங்க பாருங்க."

கம்ப்யூட்டர் திரையில் 'ஏழுகடல்' கேஸின் வலைப்பக்கம். சீன எழுத்து இருக்க வேண்டிய இடம் முழுக்கத் தமிழ் எழுத்து. 'ஙூதீணெ ழுறிஞா ஜீகூஸொ' என்று ஆரம்பித்து, அடி வரை அதே ரகம்.

"சத்தமாப் படிச்சா பேய் ஓடும் பாய்" என்றாள் கண்மணி.

கனி சிரிக்கவில்லை. மேஜை மேலிருந்த பிரிண்டை எடுத்து ஒருமுறை பார்த்தார். அதில் இருந்தது சுத்தமான சீன எழுத்து. அதே பக்கம்தான், அதே விலாசம்தான்.

"போன வாரம் இதை நெட்ல திறந்து பாத்தியா?"

"நீங்க பாத்திருப்பீங்கன்னு நான் பாக்கலை."

"நான் பிரிண்ட்டைத்தான் பாத்தேன்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தார்கள்.

கேஸ் இதுதான். மருத்துவமனைகளுக்குச் சீனம், ஸ்பானிஷ், வியட்நாம் மொழிகளில் வலைத்தளம் கட்டித் தரும் கம்பெனி, ஏழுகடல் வெப் சர்வீசஸ். முதலாளி கருப்பசாமி, பொள்ளாச்சிக்காரர். தமிழ்ச் சங்கத்தில் பெரிய கை. இலவச வலைத்தளம் ஒன்றில் யாரோ சீன மொழியில் ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். ஏழுகடல் ஒரு குப்பைக் கம்பெனி, அவர்கள் வேலை செய்யும் மருத்துவமனையின் பாஸ்வேர்டு இதோ, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. அப்படி எழுதியிருப்பதாகக் கருப்பசாமி சொன்னார். கனிக்குச் சீனம் தெரியாது.

கம்பெனியில் சீனம் தெரிந்த ஒரே ஆள் லியூ வென். சீன எழுத்து திரையில் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. கனி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து பிரிண்டை நீட்டினார். அவள் பார்த்தாள். சிரித்தாள். யாருக்காக இதைச் செய்தீர்கள் என்று கனி கேட்டார். காகிதம் வேண்டாம், நிஜப் பக்கத்தைக் காட்டுங்கள் என்றாள் அவள். நேரம் கடத்துகிறாள் என்று நினைத்தார் கனி.

ரிப்போர்ட்டில் இப்படி எழுதினார்: 'பக்கத்தைக் காட்டியதும் சிரித்தார். பயமோ வருத்தமோ காணவில்லை.' அடியில் கையெழுத்து, அதன் மேல் முத்திரை.

இன்று மதியம் கம்பெனி வக்கீல் முன்னிலையில் அவளுக்கு வேலை போகிறது. ஹெச்-ஒன் விசாவில் இருப்பவளுக்கு வேலை போனால் விசாவும் போகும். மூட்டை கட்ட வேண்டியதுதான். வக்கீலுக்குக் கொடுப்பதற்காக அந்தப் பக்கத்தை சிடியில் ஏற்றப் போய்த்தான் கண்மணி இந்தக் கூத்தைப் பார்த்தாள்.

"பக்கத்துக்குள்ள என்ன இருக்குன்னு பாரும்மா. வெளியே தெரியாத வரிங்க இருக்குமே, அது."

கண்மணி திறந்தாள். முதல் சில வரிகளைப் பார்த்ததுமே அவள் வாய் மூடிக்கொண்டது. அது அவ்வளவு சுலபமாக மூடுகிற வாய் இல்லை.

"பாய்... இது நம்மாளு வேலை."

*

காரை கனிதான் ஓட்டினார். லாரன்ஸ் எக்ஸ்பிரஸ்வேயில் ஒவ்வொரு சிக்னலும் அவருக்கென்றே சிவப்பு விழுந்தது.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையில ஒரு வரி இருக்கும் பாய். இது இன்ன மொழின்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற வரி. சீனாக்காரங்க 'இது சீனம்'னு போடுவாங்க. அவங்களுக்குன்னு கம்ப்யூட்டர்ல தனி இடம் இருக்கு. போட்டா சீனமாத் தெரியும். நமக்கு?"

நமக்கு என்ன இருந்தது என்று இரண்டாயிரத்து மூன்றில் இன்டர்நெட்டில் தமிழ் படித்தவர்களைக் கேட்டால் தெரியும். தமிழுக்கென்று உருப்படியான இடம் கம்ப்யூட்டர்களில் இன்னும் வந்து சேரவில்லை. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு ஃபாண்ட், அதை இறக்கினால்தான் எழுத்து. அதனால் தமிழ்ப் பக்கம் செய்கிறவர்கள் தலைவரியில் 'இது பெயரில்லாத மொழி. பார்க்கிறவர் எந்த ஃபாண்ட் வைத்திருக்கிறாரோ அதில் காட்டு' என்று எழுதிவிடுவார்கள். நம் ஆட்கள் கம்ப்யூட்டரில் அந்த இடத்தில் தமிழ் ஃபாண்ட் உட்கார்ந்திருக்கும். வேலை முடிந்தது.

"அந்தத் தலைவரி அப்படியே இருக்கு பாய். போதாததுக்கு ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியா ஃபாண்ட் பேரு வேற. தமிழ்ப் பக்கம் செய்யறவங்க யோசிக்கவே மாட்டாங்க, கை தானாப் போடும். பிள்ளையார் சுழி மாதிரி."

"எங்க அத்தா எழுநூத்தி எண்பத்தாறு போடுவார்."

"அதேதான். எதுவா இருந்தாலும் சீனாக்காரி போடமாட்டா."

கனிக்கு வேறொரு தாள் ஞாபகம் வந்தது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த அந்தச் செப்டம்பர் முடிந்த கையோடு, ஒரு விமான நிலையத்தில் அவர் பெட்டியைப் பிரித்தார்கள். உம்மா கொடுத்தனுப்பிய துஆ, பயணத்துக்கு ஓதும் பிரார்த்தனை, ஒரு தாளில் இருந்தது. அரபுத்தமிழ்த் தாள், எழுத்து அரபி, படித்தால் தமிழ். அதைப் பார்த்ததும் அவரைத் தனி அறைக்குக் கொண்டுபோனார்கள். யார் கொடுத்தது, எங்கே கொண்டுபோகிறாய், யாருக்காக என்று கேட்டார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. விமானம் போய்விட்டது. அந்தக் கதையை கனி எந்த இஃப்தாரிலும் விட்டுவைத்ததில்லை; குரல் நடுங்கச் சொல்லுவார், கேட்டவர்கள் உச்சுக் கொட்டுவார்கள்.

இப்போது அந்தக் கதையை நினைக்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"ஏழுகடல்ல தமிழாளு எத்தனை பேரு?" என்று கேட்டார்.

"ரெண்டு. முதலாளி ஒண்ணு, அவரும் ஒரு காலத்துல பக்கம் போட்டவர்தான். வெப் டீம் லீட் இளமாறன் ஒண்ணு. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் பக்கமெல்லாம் அவர்தான் போடறார்னு கருப்பசாமி அண்ணன் பெருமையாச் சொன்னாரே."

"இளமாறன்" என்றார் கனி. கேஸ் முடிந்துவிட்ட குரலில்தான் சொன்னார். மனுஷன் திருந்த நேரம் பிடிக்கும்.

*

ஏழுகடலின் வரவேற்பறையில் லியூ வென் ஒரு அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் ஒரு டீக் கோப்பை, ஒரு சின்னச் செடி, சில புத்தகங்கள். கனியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அப்படிச் செய்திருக்காவிட்டால் கனிக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

"மிஸ் லியூ, ஒன்று கேட்கலாமா?"

பேச்சு ஆங்கிலத்தில்தான். நமக்காகத் தமிழில்.

"நீங்கள் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்துவிட்டீர்களே."

"அன்றைக்கு ஏன் சிரித்தீர்கள்?"

அவள் திரும்பி அவரை நன்றாகப் பார்த்தாள். பிறகு, பள்ளிக்கூடத்தில் மக்குப் பையனுக்குச் சொல்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அந்தப் பக்கம் ஜப்பான்காரர்களுடைய ஃபாண்டில் செய்தது. தூரிகையால் எழுதின மாதிரி அழகாக இருக்கும். ஆனால் எங்கள் எழுத்துகளில் பாதி அதில் கிடையாது. இல்லாத எழுத்துக்குக் கம்ப்யூட்டர் வேறு ஃபாண்டிலிருந்து கடன் வாங்கும். அதனால் ஒரு வரியில் நாலு எழுத்து தடிமன், அடுத்தது ஒல்லி, மறுபடி தடிமன். கல்யாண ஊர்வலத்தில் பாதிப் பேர் கோட்டும் பாதிப் பேர் பைஜாமாவுமாக வந்த மாதிரி. சீனம் படிக்கிற எந்தக் குழந்தையும் சிரிக்கும். வாக்கியங்களும் மெஷின் மொழிபெயர்த்தவை. இதை நான் செய்தேன் என்று நீங்கள் நம்பினீர்களே என்றுதான் சிரிப்பு வந்தது."

கனி பிரிண்டை எடுத்துப் பார்த்தார். தடிமன், ஒல்லி, தடிமன். சீனம் தெரியாதவன் கண்ணுக்கும் தெரியும். பார்த்தால் தெரியும்.

"உங்கள் மேல் யாருக்கு இவ்வளவு கோபம்?" என்று கண்மணி கேட்டாள்.

"கோபம் யாருக்கும் இல்லை. மருத்துவமனைப் பக்கத்தில் மருந்து அளவு சொல்லும் இடத்தில் சில எழுத்துகள் வெறும் கட்டமாக வருகின்றன. எத்தனை மாத்திரை என்று ஒரு வயதானவர் எப்படிப் படிப்பார்? சரிசெய்யாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். நான் இல்லையென்றால் சீனம் தெரியாத வேறு ஆள் கையெழுத்துப் போட்டுவிடுவார்."

கண்மணி கனியைப் பார்த்தாள்.

*

"வாங்க பாய், வாங்க, உக்காருங்க. சிடி கொண்டாந்துட்டீங்களா?" கருப்பசாமி எழுந்து நின்று வரவேற்றார். சுவரில் சங்கத்துப் பொங்கல் விழாப் படம். அதில் அவர் பொன்னாடையோடு நின்றார்.

"கொண்டாந்தாச்சுண்ணே. ஒரு சின்னச் சிக்கல். இதைச் செஞ்சது அந்தம்மா இல்லை. தமிழ்ப் பக்கம் செஞ்சு பழகின கை."

தலைவரி விஷயத்தை கனி சொல்லச் சொல்ல, கருப்பசாமி தாடையைத் தடவிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டார்.

"சொல்லவே சங்கடமா இருக்குதுங்க பாய். அப்ப அது இளமாறனாத்தான் இருக்கோணும். அந்தப் புள்ளைக்கும் இவனுக்கும் ஆவாதுங்க. ஊருக்குப் போயிருக்கறான், வரட்டும், நானே கேக்கறேன். அதுவரைக்கும் இது நமக்குள்ள இருக்கட்டுமுங்க."

கனி கிட்டத்தட்டத் தலையை ஆட்டிவிட்டார். ஆட்டப்போன தலை நடுவில் நின்றது. போன வாரமும் இதே நாற்காலியில், இதே அண்ணன் ஒரு பெயரைச் சொல்ல, இதே தலை ஆடியது.

"ஒரே ஒரு கேள்விண்ணே. போன வாரமே கேட்டிருக்கணும். இந்தப் பக்கம் உங்க கண்ணுல எப்படிப் பட்டுச்சு?"

"கம்பெனி பேரைப் போட்டு சர்ச் பண்ணேனுங்க. வந்துச்சு. கிளிக் பண்ணா முழுக்கச் சீனம். பக்குன்னு ஆயிருச்சு. உடனே பிரிண்ட் எடுத்துட்டேன்."

"இந்தக் கம்ப்யூட்டர்லயா?"

"இதுலதானுங்க."

"கண்மணி, அண்ணன் மெஷின்ல அந்த அட்ரஸைப் போடும்மா."

கருப்பசாமி வேண்டாம் என்று சொல்வதற்குள் அவள் தட்டிவிட்டாள். திரையில் எழுத்து விழுந்தது. 'ஙூதீணெ ழுறிஞா ஜீகூஸொ.'



"திறந்ததும் முழுக்கச் சீனம்னு சொன்னீங்க" என்றார் கனி. "யார் திறந்தாலும் இது சீனமா வராதுண்ணே. நம்ம மெஷின்ல தமிழ்க் குப்பையா வரும். வெள்ளைக்காரர் மெஷின்ல வேற குப்பை. அந்தம்மா மெஷின்லயும் குப்பைதான். மெனுவைத் திறந்து, 'இதைச் சீனமாக் காட்டு'ன்னு கையால மாத்தினாத்தான் சீனம் வரும். உள்ளே இருக்கறது சீனம்னு முன்னாடியே தெரிஞ்சவருக்குத்தான் மாத்தத் தோணும். ஒரு சீனர்கூடப் படிக்க முடியாத சீனப் பக்கம் இது. இது பிரிண்ட் எடுக்கறதுக்குன்னே செஞ்சது."

"நாம தமிழ்ப் பக்கம் பாக்க தினமும் அந்த மெனுவை மாத்திக்கிட்டேதானே இருக்கோம்" என்றாள் கண்மணி மெதுவாக. "மாத்தினதே உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்காது. மூச்சு விட்டதை யாரு ஞாபகம் வெச்சுக்குவாங்க?"

கருப்பசாமி எழுந்து கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது முகத்தில் இருந்த மரியாதை போயிருந்தது. பேச்சில் மட்டும் 'ங்க' மிச்சம் இருந்தது.

"இந்த ஊர்ல எத்தனையோ டிடெக்டிவ் இருக்கறாங்க பாய். உங்களை ஏன் கூப்பிட்டேன்னு நினைக்கறீங்க? வேற ஒருத்தன்னா ஆயிரம் கேள்வி கேப்பான். நீங்க நம்மாளு. குடுத்த காயிதத்தைப் பாப்பீங்க, அண்ணன் சொன்னாச் சரின்னு கையெழுத்துப் போட்டுருவீங்க. போட்டீங்களா இல்லியா?"

பொய்யாக இருந்தால் கனி மறுத்திருப்பார். அந்த ஆள் சொன்னது அத்தனையும் உண்மை.

"இப்பப் போயி இல்லைன்னு சொல்லுங்க. கிழியறது யார் பேரு? ரிப்போர்ட்டுல இருக்கறது உங்க முத்திரைங்க. ஒரு வாரத்துல மாத்திப் பேசறவன்கிட்ட சங்கத்துல ஒருத்தன் கேஸ் குடுப்பானா? உங்க ஆபீஸ்ல மளிகைச் சாமான்தான் அடுக்கோணும்."

"பாய்..." என்றாள் கண்மணி.

கனி தன் லேப்டாப் பையை எடுத்துக்கொண்டார். "அண்ணன் சொல்றது சரிதாம்மா. கிழியட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

*

மீட்டிங் அறையில் வக்கீல், நரைத்த தலைக்காரர், காகிதங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே கனியின் ரிப்போர்ட் இருந்தது. எதிரே லியூ வென், பெட்டி காலடியில்.

கனி உட்காரவில்லை.

"அந்த ரிப்போர்ட் தவறு" என்றார். "எழுதியது நான். பார்க்காமல் எழுதினேன்."

லேப்டாப்பைத் திறந்து, பக்கத்தை வரவழைத்து, வக்கீல் பக்கமாகத் திருப்பி வைத்தார். பின்னாலேயே வந்த கருப்பசாமி வாசற்படியில் நின்றுவிட்டார்.

வக்கீல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"இது சீனம் இல்லையே. என்ன மொழி இது?"

கனி வாசலைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"என் மொழி" என்றார். "செய்த ஆளும் என் மொழிக்காரர்தான். அவரை நம்பி இந்தப் பெண்மணியைக் குற்றவாளி ஆக்கினது நான்."

தலைவரி, மெனு, பிரிண்ட், மருந்து அளவுக் கட்டங்கள் எல்லாவற்றையும் கண்மணி ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். இடையில் ஒரு கிண்டல்கூட இல்லை. லியூ வென்னை ஒவ்வொரு தடவையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டாள். வக்கீல் ரிப்போர்ட்டை எடுத்துத் தனியாக வைத்தார். வாசற்பக்கம் பார்த்து, "மிஸ்டர் கருப்பசாமி, உள்ளே வந்து கதவைச் சாத்துங்கள்" என்றார். அந்தக் குரலில் இனி லியூ வென்னின் வேலைக்கு ஆபத்து இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது.

கனி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். ஆனால் லியூ வென் அவரைக் கவனிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொழில் அவளை விடவில்லை. ஒரு விரலால், தொடாமல், 'ஙூ'வின் வளைவைக் காற்றில் வரைந்து பார்த்தாள்.

"எல்லா எழுத்தும் ஒரே தடிமன். நல்ல ஃபாண்ட்" என்றாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்து, சாதாரணமாக, தெரிந்துகொள்ளும் ஆசையில் மட்டும் கேட்டாள்.

"என்ன எழுதியிருக்கிறது?"

ரெண்டு வருஷமாக கனி காத்திருந்த கேள்வி அது. அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. அவரும் இவளிடம் கேட்காத கேள்வி.

"ஒன்றுமில்லை" என்றார் கனி. "அதில் ஒன்றுமே இல்லை." அதற்கு மேல் அவளை நேருக்கு நேர் பார்க்க முடியாமல் லேப்டாப்பை மூடினார்.